பொன்னம்மாவின் பெயரில் என் ரத்தம்

ஆலங்காயத்தை விட்டு நடக்கத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, பாதி தேய்ந்த சோப்பு. லேப் சாவியை வசந்தா மேடத்தின் மேசை மேல் வைத்துவிட்டு, அவர் வருவதற்கு முன்பே கிளம்பியிருந்தேன். ஓடிப்போகிறவனுக்குக் கொஞ்சமாவது புத்தி இருந்தால் வாணியம்பாடி பஸ்ஸில் ஏறிப் போயிருப்பான். அந்த பஸ்ஸில் கண்டக்டர் முதல் கடலை விற்பவர் வரை எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்பதால், ஜவ்வாது மலையில் ஏறி, அந்தப் பக்கம் போளூரில் இறங்கி, ரயில் பிடிப்பதாக என் திட்டம். யாருக்குத் தீங்கு செய்துவிட்டு ஓடுகிறேனோ அவள் வீடு அதே மலையில்தான் இருந்தது. அவள் ஊருக்குப் பிரியும் பாதையைத் தாண்டாமல் போளூர் போக முடியாது. இந்த விஷயம் எனக்கு மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்தான் உறைத்தது.

இது நடந்து பல வருடம் ஆகிறது. போன மாதம் நான் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். கடைசி நாளில், பயிற்சிக்கு வந்திருந்த பெண் ஒருத்தி, விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கை அளவு மெஷினில் வைத்து, நிமிடங்களில் சர்க்கரையும் கொழுப்பும் சொல்லிக்கொண்டிருந்தாள். “அண்ணா, நீங்கள்லாம் மலையிலேர்ந்து ரத்தத்த டப்பாவுல தூக்கினு வருவீங்களாமே, எப்படிண்ணா?” என்று கேட்டாள். நான் தூக்கி வந்த விதத்தை அப்போது சொல்லியிருந்தால் கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றி வாங்கியிருப்பார்கள். மாலை வாடிவிட்டது. இப்போது சொல்லலாம்.

எட்டாம் வகுப்பில் கணக்குப் பரீட்சை அன்று பள்ளிக்குப் போகாமல் லாரியில் ஏறியவன் நான். லாரி கிளீனர், பெங்களூரில் கம்பி கட்டும் வேலை, ஆம்பூர்ப் பக்கம் தோல் ஷெட், கோலாரில் தக்காளி மண்டி, ஓட்டலில் மாவாட்டும் வேலை. எங்கேயும் இரண்டு பொங்கல் பார்த்ததில்லை. தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டி கால் விரல் இடுக்குகளைத் தின்றது. கம்பி வேலையில் ஒரு நகம் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கூட இருந்தவர்களுக்கும் போனது. நாற்பது வயதில் ஆலங்காயத்தில் ஒரு சின்ன லேப்பைக் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன். அங்கே டெக்னீஷியன், கணக்கர், முதலாளி எல்லாமே வசந்தா மேடம்தான்.

மாதம் ஒரு முறை மலை ஊர்களில் சர்க்கரை நோய் முகாம் நடக்கும். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார், ரத்தம் எடுத்து வரும் பொறுப்பு எங்கள் லேப்புக்கு. மலைக்குப் போக யாரும் தயாராக இல்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வராது. இரண்டும் ஒரே ஆளிடம் கிடைத்தால் போதும் என்று மேடம் எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் வாரம் வாழைத்தண்டில் குத்தினேன், இரண்டாவது வாரம் என் இடது கையிலேயே. மூன்றாவது வாரம் நான் மலையில் ‘ஊசிக்காரரு’.

மேடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. சாதாரணமாக என்னை முனுசாமி என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் ‘முனுசாமி சார்’. அந்த ‘சார்’ காதில் விழுந்தால் நான் துடைப்பத்தைத் தேடுவேன். அவருடைய முறைகள் எனக்கு இன்னும் தூக்கத்தில்கூட மறக்காது. குத்துவதற்கு முன்னால் குழாயில் பெயர், வயது, மணி எழுத வேண்டும், குத்திய பிறகு எழுதக் கூடாது. சர்க்கரைக்குச் சாம்பல் மூடி, கொழுப்புக்குச் சிவப்பு மூடி. நரம்பு எழும்பக் கையில் பட்டையைக் கட்டினால் ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிட வேண்டும். குழாயைக் குலுக்கக் கூடாது. சிவப்பு மூடிக் குழாயை அரை மணி நேரம் நிற்க வைத்தால் ரத்தம் உறைந்து கீழே இறங்கி, மேலே வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்தில் ஒரு நீர் நிற்கும். கொழுப்பைச் சொல்வது அந்த நீர்தான். எடுத்துவரும் பெட்டியில் ஐஸ் கட்டி மேல் குழாய் நேராகப் படக் கூடாது, செய்தித்தாளில் சுற்றி வைக்க வேண்டும்.

“சர்க்கரை இருக்கிறவங்களுக்கு எதுக்கு மேடம் கொழுப்பு வேற பாக்கணும்?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“சர்க்கரை சத்தம் போட்டுட்டு வரும், முனுசாமி. தாகம் எடுக்கும், கால் புண் ஆறாது. கொழுப்பு சத்தமே போடாது. உள்ளேயே இருந்து ஒரு நாள் நெஞ்சை அடைக்கும். இது ரெண்டும் பெரும்பாலும் சேர்ந்துதான் இருக்கும்.”

கொழுப்புச் சோதனைக்கு முந்தின நாள் இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வர வேண்டும். இதை ஊருக்குச் சொல்வது என் வேலை. மலையில் ஒரு ஊரில் முதல் தடவை நான் சொன்ன விதம் இது: “நாளைக்கு ரத்தம் எடுக்கறோம். ராத்திரிலேர்ந்து வெறும் வயித்தோட, சுத்தமா வாங்க.” மறுநாள் காலை போய் இறங்கினால் பள்ளிக்கூட வாசலில் ஊரே நிற்கிறது. எல்லோரும் குளித்து, ஈரத் தலையோடு, நெற்றியில் மஞ்சளோடு. சர்க்கரை இருந்தது பதினோரு பேருக்கு. ஆனால் அந்த ஊரில் ஒருவர் விரதம் இருந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் பதினோரு வீடும் பட்டினி. கைப்பிள்ளைக்காரிகள்கூட ஒன்றும் தின்னவில்லை.

“எங்களுக்கும் எடுத்துடுங்க,” என்றார் ஒரு பெரியவர். “விரதம் வீணாப் போவக் கூடாது.”

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு அம்மா, “ஊசிக்காரரே, நீங்க இன்னா துன்னுட்டு வந்தீங்க?” என்று கேட்டாள். நான் வரும் வழியில் நான்கு இட்லி தின்றிருந்தேன். மீசையில் சட்னி இருந்ததாம். அவள்தான் பொன்னம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை. அவள் வீட்டுக்காரர் வெள்ளையன் சாமை போட்டு, ஆடு வைத்திருந்தார்.

அந்த முகாமில் எடுத்த ரத்தத்தை நான் ஐஸ் மேலேயே நேராக அடுக்கிக் கொண்டுவந்தேன். செய்தித்தாளில் முறுக்கு சுற்றி வைத்திருந்தேன். லேப்பில் பெட்டியைத் திறந்தபோது மேலே நிற்க வேண்டிய நீர் முழுக்கச் சிவந்து, எல்லாம் கெட்டுப்போயிருந்தது. ஒரு ஊரே பட்டினி கிடந்த ரத்தம்.

மேடம் ஒவ்வொரு குழாயாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசிக் குழாயை வைத்துவிட்டு, “முனுசாமி சார், இன்னொரு தடவை கெட்ட ரத்தம் கொண்டுவந்தீங்கன்னா, இந்தப் பெட்டியை நீங்க தூக்க வேண்டாம்,” என்றார்.

என் வாழ்க்கையில் நானாக விடுவதற்கு முன் ஒரு வேலை என்னை விட்டுவிடுமோ என்று பயந்தது அப்போதுதான். மலை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அதைவிட, ஊசிக்காரர் என்று மரியாதையாகக் கூப்பிடுவது பிடித்துப்போயிருந்தது.

அடுத்து அதே ஊரில் முகாம் நடந்தபோது எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். பதினோரு பேருக்கு இருபத்திரண்டு குழாய், ஒவ்வொன்றும் செய்தித்தாளில் சுற்றி. ஆலங்காயம் எல்லையில் ஒரு டீக்கடையில் இரண்டு போண்டாவும், சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் சாப்பிட்டுவிட்டு, பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்தேன். பத்துப் பேருடையது சரியாக இருந்தது. பொன்னம்மாவின் சிவப்பு மூடிக் குழாயில், கீழே ரத்தக் கட்டி, மேலே பால். பால் மாதிரி என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். கடைக்காரர் பார்த்திருந்தால் அடுத்த டீக்கு ஊற்றியிருப்பார். சாம்பல் மூடிக் குழாயிலும் மேலே வெள்ளை.

சிவந்தால் கெட்டது என்று மேடம் சொல்லியிருந்தார். வெள்ளையானால் என்ன என்று சொல்லவில்லை. தெரியாததைக் கேட்பவன் எட்டாம் வகுப்பைத் தாண்டியிருப்பான். நான் என்ன நினைத்தேன் என்றால், இதையும் நான்தான் ஏதோ செய்து கெடுத்துவிட்டேன். பெட்டி போய்விடும்.

டீக்கடைக்குப் பின்னால் போனேன். அவளுடைய இரண்டு குழாயையும் மண்ணில் புதைத்தேன். புதுக் குழாய் இரண்டில் மேடம் சொன்ன முறைப்படி முதலில் பொன்னம்மா, வயது, மணி எழுதினேன். பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, என் இடது கையில் குத்தி இரண்டையும் நிரப்பினேன். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. அதற்காக ஒரு கணம் பெருமைப்பட்டேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

லேப்பில் மேடம் அந்தக் குழாயை எடுத்ததும், “இது மட்டும் ஏன் சூடா இருக்கு?” என்றார்.

“வெயில் பக்கமா இருந்துச்சு, மேடம்.”

ரிப்போர்ட் வந்தது. பொன்னம்மாவுக்குச் சர்க்கரை நன்றாகக் கட்டுக்குள் இருக்கிறது. கொழுப்பு மட்டும் லேசாக அதிகம், எண்ணெய்ப் பலகாரம் குறைக்கவும். பொன்னம்மா ஆண்டுக்கு இரண்டு திருவிழாவில் எண்ணெய்ச் சட்டியைப் பார்ப்பவள். என் போண்டாவுக்கு அவள் பத்தியம் இருக்க வேண்டும்.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வெள்ளையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

“அப்ப மாத்திரைய நிறுத்திடலாமா, ஊசிக்காரரே?”

இந்த இடத்தில் ‘நிறுத்தாதே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். “டாக்டரு அடுத்த மாசம் வருவாரு, கேட்டுக்கோக்கா,” என்று சொல்லிப் பெட்டியை மூடினேன். அவள் எனக்கு ஒரு பாட்டில் தேன் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து மேடம் பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். “முனுசாமி, இந்தப் பொன்னம்மாவுக்கு நாலு வருஷமா சர்க்கரை இறங்கினதே இல்ல. திடீர்னு பச்சப்புள்ள ரத்தம் மாதிரி இருக்கு. எனக்கு இடிக்குது. நாளைக்குப் போய் மறுபடி எடுக்கலாம். நானும் வர்றேன்.”

மறுநாள் அவர் வருவதற்கு முன்னால்தான் மேசையில் சாவியை வைத்துவிட்டு நடந்தேன்.

மூன்றாவது வளைவில் நின்று, திரும்பி இறங்கலாமா, மேலே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு வாடகை ஜீப் வந்து நின்றது. முன் இருக்கையிலிருந்து வெள்ளையன் எட்டிப் பார்த்தார்.

“இன்னா ஊசிக்காரரே, நடந்து எங்க போறீங்க? நல்ல வேளை, உங்களையே பாத்தோம். ஏறுங்க. வாணியம்பாடி ஆஸ்பத்திரிக்குத்தான் போய்னு இருக்கோம்.”

பின் இருக்கையில் பொன்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். முதல் நாளிலிருந்து வலி, நிற்காத வாந்தி. முதுகு வரை குத்துகிறது என்றாள். ஏறினேன். ஏறாமல் என்ன சொல்லித் தப்பிப்பது என்று தோன்றவில்லை, அதுதான் உண்மை.

வெள்ளையன் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் என் ரிப்போர்ட்.

“இத டாக்டர்கிட்ட காட்டணும். இவளுக்குச் சர்க்கரைலாம் ஒன்னும் இல்ல, வேற ஏதோ ஆய்ப்போச்சுன்னு சொல்லணும். மாத்திரைய வுட்டு மூணு வாரம் ஆவுது.”

“அத இப்படிக் குடுங்க, நான் பத்திரமா வெச்சிக்கறேன்,” என்றேன்.

“வாணாம், வாணாம். கசங்கிடும்.”

பொன்னம்மா கண்ணைத் திறக்காமல், “அவரு கையில குடு. அவரு எடுத்த ரத்தம்தானே,” என்றாள்.

வெள்ளையன் கொடுக்கவில்லை. வழியெல்லாம் அந்த உறையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதை டாக்டர் பார்த்தால் சர்க்கரையையும் கொழுப்பையும் விட்டுவிட்டு வேறு எங்கெங்கோ தேடுவார். அவர் தேடி முடிக்கும் வரை இவள் தாங்குவாளா என்று தெரியவில்லை. வாயைத் திறந்தால் ஜீப்பிலிருந்து தள்ளிவிடுவார்கள். ஆலங்காயம் வந்தது. லேப் வாசல் வந்தது. “இங்க நிறுத்துங்க,” என்றேன். டிரைவர் காதில் விழவில்லை. இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவையைவிட இரண்டாவது தடவைதான் கஷ்டமாக இருந்தது.

மேடம் வெளியே வந்தார். நான் வெள்ளையனுக்கும் அவருக்கும் நடுவில் நின்று சொன்னேன். அந்த அம்மாவோட ரத்தம் மேல பால் மாதிரி வெள்ளையா நின்னுச்சு, மேடம். கெட்டுப்போச்சுன்னு நெனச்சிப் பொதச்சிட்டேன். நீங்க பாத்தது என் ரத்தம்.

வெள்ளையன் கையை ஓங்கினார். அடிக்கட்டும் என்று நின்றேன். ஜீப் உறுமிக்கொண்டிருந்ததால் அடிக்க நேரமில்லாமல் கையை இறக்கிவிட்டார்.

“அப்ப சர்க்கரை இல்லாதது உனக்குத்தானா?” என்றார்.

“ஆமா.”

“நல்லா இரு.”

மேடம் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்து, ஜீப்பில் ஏறி, பொன்னம்மாவின் கையைத் தன் மடியில் வைத்து, தானே ரத்தம் எடுத்தார். ரிப்போர்ட்டை வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டு, ‘இது இவருடைய ரத்தம் அல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு குழாயை விரல்களுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துகொண்டார். “வண்டிய எடுங்க. பள்ளத்துல பாத்து.”

நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன். பாதி வழியில் ரத்தம் உறைந்து இறங்கத் தொடங்கியது. மேலே வெள்ளை எழும்பி வந்தது. வெள்ளையன் திரும்பித் திரும்பி அதையே பார்த்தார்.

“இதுதான் கொழுப்பு,” என்றார் மேடம் அவரிடம். “ரத்தம் கெடல.”

“எண்ணெயே துன்னாதவளுக்கு எப்படிங்க இவ்ளோ?”

“தின்னுதான் வரணும்னு இல்ல. சர்க்கரை கட்டுல இல்லன்னா உடம்பு கொழுப்பச் செலவு பண்ண முடியாம ரத்தத்துலயே தேக்கி வெச்சிடும். சிலருக்குப் பிறவிலயே அந்தக் கோளாறும் இருக்கும். மாத்திரைய வேற நிறுத்திட்டாங்க.”

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்க்காமல் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். உடனே நர்ஸைக் கூப்பிட்டார். இவ்வளவு கொழுப்பு ஏறினால் கணையம் வீங்கிவிடும், வலி அதனால்தான் என்றார். ஊசி வழியாக இன்சுலினும் தண்ணீரும் போகும். வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகக் கூடாது, டாக்டர் சொல்லும் வரை. பொன்னம்மா பிழைத்தாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதையை இழுத்துப் பிடிக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் அன்று அதை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

மேடம் ஆலங்காயம் திரும்பும்போது என்னிடம், “ஊசிய இனிமே தொடக் கூடாது, முனுசாமி. எங்கேயும்,” என்றார். தலையாட்டினேன். இன்று வரை தொடவில்லை.

வெள்ளையன் ஆடுகளை அடைத்த பட்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். சாயங்காலம் அதே ஜீப்பில் ஏறும் முன் என் சட்டையைப் பிடித்தார். “ஆட்டுக்கு ஒரு வழி பண்ணிட்டு நாளைக்கு வர்றேன். அதுவரைக்கும் இந்த வாசல்லயே உக்காந்துனு இரு. ஓடினேன்னு வெச்சிக்கோ, மலையில எல்லாருக்கும் உன் மூஞ்சி தெரியும்.”

அதற்கு முன் யாரும் என்னை ஒரு இடத்தில் இருக்கச் சொல்லி இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. பெண்கள் வார்டு வாசலில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன்.

விடிந்ததும் வார்டு நர்ஸ் வந்து என் எதிரே நின்றார்.

“நேத்துலேர்ந்து அசையாம இங்கயே இருக்கீங்க. வாசல் பாக்கற ஆளு வேலைய வுட்டுப் போய்ட்டாரு. செய்யறீங்களா? உள்ள வர்றவங்கள நிறுத்தணும், சாப்பாடு கொண்டுவந்தா யாருக்குன்னு கேக்கணும். அவ்ளோதான்.”

இருந்த இடத்தில் இருந்தபடியே ஒரு வேலை கிடைத்தது எனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன். சரி என்றேன். அவர் ஒரு காக்கிச் சட்டையும் ஒரு ஸ்டூலும் கொடுத்து, பொன்னம்மாவின் கட்டிலில் ‘வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது’ என்ற அட்டையை மாட்டச் சொன்னார். அதுதான் என் முதல் வேலை.

அட்டையை மாட்டும்போது பொன்னம்மா கண் விழித்தாள். உதடு வெடித்திருந்தது. சட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஒரு வாய் தண்ணி குடுங்க, ஊசிக்காரரே.”

“குடுக்கக் கூடாதுக்கா.”

“நாக்கு ஒட்டிக்குது.”

“டாக்டர் சொல்லட்டும்கா. அதுவரைக்கும் ஒரு சொட்டு கூட ஆவாது.”

வெள்ளையன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

“எனக்குப் பதிலா ரத்தம் குடுத்த இல்ல?” என்றாள். “போ. எனக்குப் பதிலா தண்ணியும் நீயே குடிச்சிட்டு வா.”

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். எனக்கும் தாகமாகத்தான் இருந்தது. போகவில்லை. பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டைத் துடைக்கலாம் என்று நர்ஸ் சொன்னார். நர்ஸே அதைச் செய்தார். எனக்கு அனுமதி வாசல் வரைக்கும்தான்.

கீழே பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. வெள்ளையன் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் பொன்னம்மாவின் அண்ணிகள் மூன்று பேர், ஆளுக்கொரு தூக்கு. ராத்திரியெல்லாம் பட்டினி கிடந்தவளுக்குக் கேழ்வரகுக் கூழ், மோர், இன்னும் என்னென்னவோ. நான் ஸ்டூலை வாசலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு, எழுந்து நின்றேன்.